வட ஆல்பர்ட்டாவின் பிரெஞ்சு ஊர்கள்: போனவர்களும் இருந்தவர்களும்

எட்மன்டன் மெக்கானிக்:

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பிரெஞ்சு பேசும் விவசாய ஊர்கள் இருக்கின்றன என்று சொன்னால் அதன் தலைநகர் எட்மன்டனிலேயே பலர் நம்ப மாட்டார்கள். வடமேற்கே 400 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டினால் பீஸ் நதிப் பகுதியில் டோனெல்லி, ஃபலேர், ஜிரூவில் என்று அடுத்தடுத்து வரும். 1912 வாக்கில் ஜிரூ என்ற பாதிரியார் கியூபெக்கிலிருந்தும் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்திலிருந்தும் பிரெஞ்சுக் குடும்பங்களை அழைத்துவந்து குடியேற்றிய பூமி. ஃபலேரில் இருப்பவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். 'கனடாவின் தேன் தலைநகர்' என்பது ஊருக்குப் பட்டப்பெயர். பூங்காவில் ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு பெரிய தேனீ சிலையே உண்டு.

ஜூலையில் ஒரு தேனீப் பண்ணைக்கு ரிப்பேர் வேலையாகப் போயிருந்தேன். தேன் அடை கட்டிய மரச்சட்டங்களின் மெழுகு மூடியைச் சீவும் மெஷின் நின்றுவிட்டது. கனோலா என்ற எண்ணெய் வித்துச் செடியின் பூவிலிருந்து வரும் தேன் சீக்கிரம் உறையும். அடைக்குள்ளேயே கெட்டியாகிவிட்டால் சுழற்றி எடுக்க வராது. அதனால் வீட்டில் எல்லோருக்கும் பதற்றம். தரையெல்லாம் பிசுபிசுப்பு, செருப்பை எடுத்து வைத்தால் ஒட்டிக்கொண்டு வருகிறது. வயல் ஓரத்துப் பெட்டிகளைச் சுற்றி மின்வேலி, கரடிக்காக. ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்ததால் வேலை இழுத்துக்கொண்டே போனது.

நான் உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள், பாட்டி உட்பட. சாயங்காலம்வரை அப்படித்தான். அப்புறம் களைப்பில் என்னை மறந்து பிரெஞ்சில் சண்டை போட ஆரம்பித்தார்கள். மெஷின் ஓடத் தொடங்கியதும் மறுபடி ஆங்கிலம்! விருந்தாளிக்கு என்ன மரியாதை பாருங்கள்.

பாரிஸ் பெடியன்:

அண்ணை, எனக்கு நடந்தது வேறு. நான் பாரிஸில் வளர்ந்தவன். பீஸ் ரிவர் டவுனுக்குக் கிட்ட சென்ட் இசிடோர் என்று ஒரு சின்னக் கிராமம். 1950களில் கியூபெக்கின் லாக் சென்ட் ஜான் பக்கத்திலிருந்து வந்த ஆட்கள் உருவாக்கினது. பிப்ரவரியில் அங்கே குளிர்காலக் கார்னிவல் நடக்கும், அதுக்குத்தான் போனேன். ஒரு வயசான ஐயா சூடான மேப்பிள் பாகைப் பனியில் கோடுகோடாக ஊற்றினார். அது இறுகுகிற நேரம் பார்த்துக் குச்சியில் சுற்றி எடுக்கவேணும். கொஞ்சம் பிந்தினால் பல்லைப் பிடுங்கும்.

பிரெஞ்சில் கேட்டேன், அவ்வளவுதான், மனுசன் விடவில்லை. நிலம் வெட்டினது, பாதை போட்டது, பேரப்பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று எல்லாம் சொல்லி முடித்தார். அவர் கதைத்ததில் பாதிதான் எனக்கு விளங்கியது. நான் கதைத்தது அவருக்கு முழுக்க விளங்கியது. டிவியில் எங்கட பிரெஞ்சைக் கேட்டுப் பழக்கமாம்!

ரெண்டு பிள்ளைகளின் அம்மா:

அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக வேலை பார்த்தேன். எட்மன்டன் அண்ணா, அதை மரியாதை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி படித்த காலத்தில் பள்ளியில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் பிரெஞ்சாம். மற்ற நேரம் பேசினால் முறைப்பு. வெளியாளைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்குத் தாவும் பழக்கம் அங்கே தொடங்கியது என்பார்.

சிறுபான்மை மொழியினருக்குத் தங்கள் மொழியில் படிக்கும் உரிமை தந்த 1982 அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவும், எட்மன்டன் பெற்றோர்கள் தொடுத்த வழக்கில் 1990-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும்தான் நிலைமையை மாற்றின. இன்று ஃபலேரில் முழுக்கப் பிரெஞ்சிலேயே நடக்கும் பள்ளி இருக்கிறது. ஆனால் பள்ளி வாசலைத் தாண்டியதும் பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் கத்திக்கொள்கிறார்கள், அதையும் பார்த்திருக்கிறேன். பாட்டிக்கு அதில்தான் கோபம். சட்டத்தின் மீது இல்லை.

பெரியவர்களில் பலர் வலி அதிகமானால் பிரெஞ்சுக்குப் போய்விடுவார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்கும் அளவுக்கு நானும் கற்றுக்கொண்டேன். பதில் புரிய இன்னொரு நர்ஸைக் கூப்பிட வேண்டியிருந்தது.

கார்னிவலுக்குப் போக நினைப்பவர்கள் கவனிக்க: காரில் பிளாக் ஹீட்டர் (எஞ்சினை மின்சாரத்தில் சூடாக வைக்கும் கருவி) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஒயரையும் மறக்காதீர்கள். மைனஸ் 30-ல் ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டி காலையில் கிளம்பாமல் போகலாம்.