1000 சீசீ டர்போ கார் யாழ்ப்பாணத்தில் தாங்குமா?

கோண்டாவிலான்:
2007 ஆம் ஆண்டின் 1500 சீசீ ரொயோட்டா காரை இத்தனை வருடமாக ஓடிவிட்டு, இப்போது மாற்றலாம் என்று இருக்கிறேன். இரண்டு கார்கள் மனதில் உள்ளன. ஒன்று, பிரித்தானியாவின் சுவிண்டனில் கட்டப்பட்டு 2018 இல் இங்கே பதிவான ஹொண்டா சிவிக். 988 சீசீ, மூன்று சிலிண்டர், 129 குதிரைவலு. மற்றது, தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தபின் வந்த ரொயோட்டா ரைஸ். 996 சீசீ, அதுவும் மூன்று சிலிண்டர்தான், 98 குதிரைவலு. இரண்டும் டர்போ, அதாவது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் விசிறி பூட்டியவை. நாளாந்தம் எனக்கு ஐந்தாறு கிலோமீற்றர் ஓட்டமே உண்டு. மாதத்தில் ஒருமுறை கொழும்புக்கு 400 கிலோமீற்றர். டர்போ வாகனம் ஐந்து வருடத்துக்குப் பிறகு வீட்டில் நிற்காது, கராச்சில்தான் நிற்கும் என்று அத்தான் சொல்லுகிறார். அவர் சொல்லுவதில் உண்மை உண்டா?

சுன்னாகம் பொறியாளன்:
உங்கள் அத்தானின் பயம் எண்பதுகளின் டர்போவைப் பார்த்து வந்த பயம். அந்தக் காலத்தில் சாதாரண எஞ்சின் ஒன்றில் டர்போவைக் கொண்டுவந்து பூட்டினார்கள். இன்று டர்போவுக்கென்றே எஞ்சினை வரைகிறார்கள். பிஸ்ரனின் அடியில் ஒயில் பீச்சும் குழாய், டர்போவின் நடுப்பகுதியைச் சுற்றி ஓடும் குளிர்நீர், தட்டும் சத்தத்தைக் கேட்டுத் தீப்பொறியைப் பின்தள்ளும் உணரி ஆகியவை இப்போது மலிவான கார்களிலும் உண்டு.

நீங்கள் வைத்திருக்கும் 1500 சீசீ எஞ்சின் ஏறக்குறைய 140 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையைத் தரும், ஆனால் அதற்கு எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றுக்கு மேலே போகவேண்டும். ரைஸின் 996 சீசீ எஞ்சின் அதே 140 ஐ 2400 சுற்றிலேயே தந்து 4000 வரை விடாமல் பிடித்திருக்கிறது. அதாவது மாங்குளத்துக்கு அங்காலே பஸ்ஸை முந்தும்போது எஞ்சின் கத்தத் தேவையில்லை. குறைந்த சுற்றில் வேலை முடிகிற எஞ்சின் குறைவாகத்தான் தேயும். எங்கள் நாட்டில் உற்பத்தி வரியைச் சீசீ கணக்கில் அறவிடுவதால் இந்தச் சிறிய எஞ்சின்கள் பெருகின என்பது உண்மையே. அதற்காக அவை வரிக்காகச் செய்த பொம்மைகள் ஆகிவிடா.

சாவகச்சேரிப் பட்டறை:
தம்பி எழுதிய கணக்கு சரி. ஆனால் நம்பகம் என்ற சொல்லை நாங்கள் இருவரும் வெவ்வேறு பொருளில் பாவிக்கிறோம் என்று நினைக்கிறேன். தொண்ணூறுகளில் பெற்றோல் தடையாக இருந்தபோது, ஒரு சொட்டுப் பெற்றோலில் பற்றவைத்து மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிஜ்களையும் மொறிஸ் மைனர்களையும் திருத்தியவன் நான். அவை சிறந்த எஞ்சின்கள் அல்ல. புகைத்தன, அடித்தன, ஒயில் குடித்தன. ஆனால் மனிதர் செய்த தவறையெல்லாம் பொறுத்துக்கொண்டன. நம்பகம் என்பது எனக்கு அதுதான். எல்லாவற்றையும் சரியாகச் செய்தால் மட்டும் சரியாக ஓடும் எஞ்சினைத் திறமான எஞ்சின் என்று சொல்லலாம், நம்பகமான எஞ்சின் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இரண்டாவது விடயம் பெல்ற். ஐயா பார்க்கும் சிவிக்கின் எஞ்சினில் ரைமிங் பெல்ற், அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் அச்சைச் சுழற்றும் றப்பர்ப் பட்டி, ஒயிலுக்குள் ஓடுகிறது. போர்ட்டின் ஒரு லீற்றர் எக்கோபூஸ்ற் 2012 இலிருந்து மூன்று வருடம் தொடர்ந்து அனைத்துலக எஞ்சின் விருது வாங்கியது. அதிலும் பெல்ற் ஒயிலுக்குள்தான். பிறகு அந்தப் பெல்ற் உதிர்ந்து எத்தனை எஞ்சினைக் கொன்றது என்பது உலகறிந்த கதை. பெஜோ, சித்ரோயன் கார்களின் 1.2 பியூர்ரெக் எஞ்சினிலும் பெல்ற் ஒயிலுக்குள்தான்; அதற்கு, அந்தக் கார்களின் தாய் நிறுவனமான ஸ்ரெலாண்டிஸ் 2024 இல் உத்தரவாதத்தைப் பத்து வருடம் அல்லது 175,000 கிலோமீற்றர் என்று நீட்டவேண்டி வந்தது. விருது கொடுக்கிறவர்கள் புதுக் காரைத்தான் ஓடிப் பார்க்கிறார்கள்.

சுன்னாகம் பொறியாளன்:
ஐயா, பெல்ற்றின் குற்றத்தை டர்போவின் தலையில் கட்டுவது நியாயமா? ரைஸின் எஞ்சினில் பெல்ற் இல்லை, செயின்தான். அதோடு அது பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சுவதும் இல்லை. பழைய முறைப்படி உள்ளெடுப்புக் குழாயிலேயே பீச்சுகிறது. ஆகவே உள்ளெடுப்பு வால்வில் பெற்றோல் பட்டுக் கழுவுப்படும். நேரடிப் பீச்சலில் வரும் கரிப்படிவுத் தொல்லை அதற்கு வராது. ஒரே டர்போ, இரண்டு விதமான எஞ்சின். ஆகவே டர்போ நல்லதா கெட்டதா என்று கேட்பதே பிழை. எந்த எஞ்சின் என்று கேட்கவேண்டும்.

ஒயிலில் பெற்றோல் கலக்கும் பிரச்சினையையும் யாராவது கொண்டுவருவார்கள், அதனால் முன்னரே சொல்லிவிடுகிறேன். ஹொண்டாவின் 1.5 டர்போவில் 2018 அளவில் அது சீனாவிலும் அமெரிக்காவிலும் பெரிதாகப் பேசப்பட்டது. உறைபனியில் குறுந்தூரம் ஓடி, எஞ்சின் சூடாக முன்னரே நிறுத்தும் இடங்களின் நோய் அது. மார்கழி விடியலிலும் எங்களுக்கு இருபது பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

சாவகச்சேரிப் பட்டறை:
பெல்ற் வேறு, டர்போ வேறு என்று தாளில் பிரிக்கலாம்; எஞ்சினுக்குள் பிரிக்கமுடியாது. பெல்ற்றின் றப்பர் துகள் ஒயில் பம்பின் சல்லடையை அடைக்கும், ஒயில் அழுத்தம் விழும், அப்போது முதலில் சாவது யார்? நிமிடத்துக்கு இரண்டு இலட்சம் சுற்றுச் சுற்றுகிற டர்போ அச்சு. அது நிற்பது உலோகத்தின் மேல் அல்ல, மெல்லிய ஒயில் படையின் மேல். பழைய எஞ்சினுக்கு ஒயில் அழுத்தம் கொஞ்சம் குறைந்தால் வால்வு தட்டிச் சத்தம் போட்டு எச்சரிக்கும். டர்போவுக்கு அந்த அவகாசம் கிடையாது.

வன்னி ஓட்டம்:
இரண்டு பேருக்கும் நடுவில் என் அனுபவத்தை வைக்கிறேன். 660 சீசீ டர்போ வான் ஒன்றில் யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே சாமான் ஏற்றுகிறேன். வானை விற்றவர், பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றினால் போதும் என்று சொன்னார், நானும் நம்பினேன். ஏ-9 வீதியில் முழு வேகத்தில் வந்து தேநீர்க் கடை வாசலில் அப்படியே திறப்பைத் திருகி நிறுத்திவிடுவது என் வழக்கம். ஒருநாள் கிளிநொச்சி தாண்ட, பின்னால் நீலப்புகை. கழற்றிப் பார்த்தபோது டர்போவின் அச்சை விரலால் ஆட்ட முடிந்தது. அதைவிட என்னைத் திகைக்க வைத்தது டர்போவுக்கு ஒயில் கொண்டுபோகும் மெல்லிய குழாய்தான். அடிப்பிடித்த பால்சட்டி போல உள்ளே கரி இறுகியிருந்தது; ஓர் ஈர்க்கைக்கூட நுழைக்க முடியவில்லை. புது டர்போ போட்டபின் ஐயாயிரத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றுகிறேன், நிறுத்துமுன் ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுகிறேன். அதன்பின் 80,000 ஓடிவிட்டேன், புகை இல்லை.

சுன்னாகம் பொறியாளன்:
பார்த்தீர்களா, பழக்கம் மாறியது, எஞ்சின் மாறவில்லை.

சாவகச்சேரிப் பட்டறை:
நான் பார்த்தேன் தம்பி. நீங்கள் பார்க்காத ஒன்று உண்டு. கோண்டாவில் ஐயா வாங்கப்போகும் சிவிக் ஏழெட்டு வருடம் வேறொருவரிடம் இருந்த கார். அந்த மனிதர் வன்னித் தம்பியின் முதற்பழக்கத்தில் ஓடினாரா, இரண்டாம் பழக்கத்தில் ஓடினாரா என்று விற்பனைக் கடிதத்தில் எழுதியிருக்காது.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு வியாதியும் உண்டு. குடாநாடு முழுவதும் சுண்ணக்கல்லின் மேல் கிடக்கிறது. நல்ல தண்ணீர் என்று நாம் குடிக்கும் கிணற்று நீரும் கடின நீர்தான். தேநீருக்குக் கொதிக்க வைக்கும் கேத்திலின் அடியைச் சுரண்டிப் பார்த்தால் தெரியும். அதே தண்ணீரை வாளியில் அள்ளி ரேடியேற்றரில் ஊற்றாத வீடு எத்தனை? பழைய எஞ்சினில் விரல் தடிப்பு நீர்வழிகள். பத்து வருடம் படிந்தாலும் தண்ணீர் ஓடும். டர்போவைக் குளிர்விக்கும் குழாயோ பென்சில் தடிப்பு. அங்கே ஒரு நூல் அளவு படிந்தாலும் போதும்.

சுன்னாகம் பொறியாளன்:
தண்ணீர் விடயத்தில் ஐயாவோடு எனக்கு வாதம் இல்லை. நான் அதை யோசித்திருக்கவில்லை. நிறம் கலந்த குளிர்திரவத்தை மட்டும், அல்லது அதன் செறிவைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து, ஊற்றவேண்டும். ஆனால் அது டர்போவைக் கைவிடுவதற்குக் காரணமாகாது, கிணற்று வாளியைக் கைவிடுவதற்கே காரணமாகும்.

கோண்டாவில் ஐயாவுக்கு இன்னும் இரண்டு குறிப்புகள். சிவிக் 95 ஒக்டேனை எதிர்பார்த்துச் செய்த எஞ்சின். 92 ஊற்றினால் உடனே உடையாது. தீப்பொறி பின்தள்ளப்பட்டு இழுவையும் சிக்கனமும் குறையும். ரைஸ் யப்பானின் சாதாரண பெற்றோலுக்கே செய்யப்பட்டது, ஆகவே 92 தாராளமாகப் போதும். அடுத்தது ஒயில் போத்தல். அதில் ஏ.பி.ஐ. எஸ்.பி. என்று எழுதியிருக்கவேண்டும், அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம் 2020 இல் கொண்டுவந்த ஒயில் தரம் அது. சிவிக் போன்ற நேரடிப் பீச்சல் டர்போவில், குறைந்த சுற்றில் பாரமாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் தெறித்த ஒயில் துளி தீப்பொறிக்கு முன்னரே பற்றிக்கொள்ளும். ஒரே அடியில் பிஸ்ரனின் வளையங்களுக்கு இடையிலுள்ள வரம்பு உடைந்த சம்பவங்கள் உண்டு. பழைய ஒயில்களில் இருந்த கல்சியம் அதற்குத் தூண்டுதலாக இருந்ததால் கலவையை மாற்றினார்கள். மலிவு என்று பழைய தரத்து ஒயிலை ஊற்றுவது ஆபத்து.

கோண்டாவிலான்:
எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் காலை கோப்பாயில் அந்தச் சிவிக்கைப் போய்ப் பார்த்தேன். எஞ்சின் ஆறியிருந்தபோதே குளிர்திரவத் தாங்கியின் மூடியைத் திறந்தேன். உள்ளே பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. தேநீர்ச் சாயம் போல ஒரு தண்ணீர், மூடியின் உட்புறம் முழுக்க வெள்ளைப் பொருக்கு. எந்தத் தண்ணீர் ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கொஞ்சம் பெருமை. "கண்டதையும் ஊத்திறேல்லை, எங்கடை நல்ல தண்ணிக் கிணத்துத் தண்ணிதான்" என்றார். நான் மூடியைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். வரும் ஞாயிறு மானிப்பாயில் ஒரு ரைஸ் பார்க்கப் போகிறேன்.

சாவகச்சேரிப் பட்டறை:
நானும் வருகிறேன் ஐயா. எட்டு மணிக்கு முன்னர் போவோம். நாங்கள் வரும்வரை காரை ஸ்ரார்ட் பண்ணவேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். இரவு முழுக்க நின்ற டர்போ முதல் ஸ்ரார்ட்டில் விடும் புகையைப் பார்க்கவேண்டும்.