வான்கோழிக் காலைக் கடித்தால் அது மத்தியகால விருந்தா?

கோட்டைவாசல்:
பழங்கால ஐரோப்பிய வேடமிட்டுக் கொண்டாடும் டெக்சாஸ் மறுமலர்ச்சித் திருவிழாவுக்குப் போய்வந்த அன்பர் ஒருவர் நேற்று நம் குழுவில் பயணக் குறிப்பு போட்டிருந்தார். குதிரையேறி ஈட்டிச் சண்டை, கொல்லன் பட்டறை எல்லாம் நன்றாகவே எழுதியிருக்கிறார். நடுவில் ஒரு வரி: "கையில் சுட்ட வான்கோழிக் கால். மத்தியகால அரசர்கள் சாப்பிட்டது போலவே சாப்பிட்டோம்." அதற்கு இதயக்குறி வேறு குவிகிறது. வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. 1492இல் கொலம்பஸ் கப்பல் ஏறும்வரை ஐரோப்பாவில் எந்த அரசனும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத பறவையின் காலை எப்படிக் கடித்தான்?

ஹூஸ்டன்வாசி:
அந்தக் குறிப்பை எழுதியவன் நான்தான். என்னிடமே கேட்டிருக்கலாமே, தனி இழை எதற்கு? விழாவின் பெயரிலேயே மறுமலர்ச்சி இருக்கிறது, அது மத்தியகாலத்துக்கு அடுத்து வந்த காலம். 1541இல் இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயர் கிரான்மர் பாதிரியார்களின் விருந்துகளுக்குக் கட்டுப்பாடு விதித்தார். பெரிய பறவைகளில் ஒரு தட்டுக்கு ஒன்றுதான் என்ற அந்தப் பட்டியலில் வான்கோழியும் இருக்கிறது. அப்போதைய இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி செத்தது 1547இல். அவர் காலத்தில் இங்கிலாந்தில் வான்கோழி இருந்தது. முடிந்தது கதை.

கோட்டைவாசல்:
எங்கே முடிந்தது? "மத்தியகால அரசர்கள்" என்று எழுதியவர் நீங்கள். இப்போது ஹென்றி பின்னால் ஒளிந்துகொள்கிறீர்கள். சரி, ஹென்றியையே எடுத்துக்கொள்வோம். அவர் அரண்மனையில் இறைச்சியை வெட்டிப் பரிமாறத் தனி ஆள் உண்டு. மேசையில் கத்தியும் கரண்டியும் உண்டு. காலை முழுசாகப் பிடித்துப் பிய்த்துத் தின்னும் ஹென்றி 1933இல் வந்த ஒரு பிரிட்டிஷ் படத்தில் பிறந்தவர். அதில்கூட அவர் தின்றது வான்கோழி இல்லை, கோழி!

சும்மா ஒருவன்:
ஒரு சந்தேகம். மத்தியகாலம் எந்த ஆண்டோடு முடிகிறது என்று முதலில் இருவரும் ஒத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடுமே?

ஹூஸ்டன்வாசி:
கோட்டைவாசல், நீங்கள் அந்த விழாவுக்கு ஒருமுறையாவது வந்ததுண்டா? டெக்சாஸில் டாட் மிஷன் என்ற ஊரில் 1974 முதல் நடக்கிறது. அக்டோபர், நவம்பர் வார இறுதிகளில் அந்தப் பக்கம் வண்டி நகராது. பிள்ளைகள் கண்ணாடி ஊதுவதைப் பார்க்கிறார்கள், இரும்பு அடிப்பதைப் பார்க்கிறார்கள். இங்கே வளரும் குழந்தைக்கு அந்த அனுபவம் வேறெங்கே கிடைக்கும்? நீங்கள் ஒரு கோழிக்காலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

கோட்டைவாசல்:
கோழிக்கால் இல்லை, வான்கோழிக் கால். அதுதானே விஷயமே. உப்புநீரில் ஊறப்போட்டுப் புகையில் வாட்டி, பன்றித்தொடை போன்ற ருசியில் விற்கும் அதே கால் டிஸ்னி பூங்காவிலும் கிடைக்கிறது. அங்கே மிக்கி மவுஸ் அரசரா? கண்ணாடி ஊதுவதை நான் எங்கே குறை சொன்னேன்? உண்மையான கைத்தொழிலுக்குப் பக்கத்திலேயே பொய்யான சாப்பாட்டை வைத்து, இரண்டையும் ஒரே வரலாறு என்று பிள்ளைக்குச் சொல்வதுதான் எனக்கு வலிக்கிறது.

பவேரியாக்காரி:
இங்கே ஜெர்மனியில், பவேரியாவின் லாண்ட்ஸ்ஹுட் நகரத்துப் பக்கம் வந்து பாருங்கள். 1475இல் பவேரிய இளவரசர் கெயோர்குக்கும் போலந்து இளவரசி ஹெட்விகுக்கும் நடந்த திருமணத்தை 1903 முதல் ஊரே கூடி நடத்திக் காட்டுகிறது. இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. ஊர்க்காரர்கள் 2,000 பேருக்கு மேல் வேடம் கட்டுகிறார்கள். ஆண்கள் மாதக்கணக்கில் முடி வளர்ப்பார்கள். கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி எதுவும் கூடாது. கடற்கொள்ளையர் வேடமும் தேவதைச் சிறகும் உள்ளே வர முடியாது. அசல் திருமணத்தின் சமையல் கணக்கு இன்னும் இருக்கிறது. முந்நூறு மாடுகளுக்கு மேல், வாத்து பல்லாயிரம், கோழி சுமார் 40,000.

கோட்டைவாசல்:
நன்றி! அந்தக் கணக்கில் வான்கோழி எத்தனை? ஒன்றுகூட இல்லை. 1475இல் எப்படி இருக்கும்?

பவேரியாக்காரி:
நான் உங்களுக்கு ஆதரவாக எழுதவில்லை. உடையும் கட்டுப்பாடும் பற்றி எழுதினேன். எதைச் சொன்னாலும் வான்கோழியிடமே கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள்.

ஹூஸ்டன்வாசி:
நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருவிழாவுக்கு விமான டிக்கெட் யார் எடுத்துக் கொடுப்பார்கள் அம்மா? ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு அமெரிக்கா என்றாலே ஓர் இளக்காரம். எங்கள் ஊரில் தேவதைச் சிறகோடு வரலாம், அதில் எங்களுக்கு வெட்கம் இல்லை. 1963இல் தெற்கு கலிபோர்னியாவில் பாட்டர்சன் தம்பதியர் ஒரு வானொலி நிலையத்துக்கு நிதி திரட்டத் தொடங்கியதுதான் இந்த மரபு. அது அமெரிக்காவின் சொந்தத் திருவிழா. அருங்காட்சியகம் இல்லை.

பவேரியாக்காரி:
இளக்காரம் என்று நான் எங்கே எழுதினேன்? என் வாயில் வார்த்தையைத் திணிக்க வேண்டாம். போன முறை கிறிஸ்துமஸ் சந்தை இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

சைவப்பிரியன்:
இறைச்சி சாப்பிடாதவர்கள் அங்கே போனால் என்ன கிடைக்கும்? வீட்டில் அம்மாவையும் கூட்டிப்போக வேண்டும்.

ஹூஸ்டன்வாசி:
சுட்ட மக்காச்சோளம் கிடைக்கும் தம்பி, வெண்ணெய் தடவித் தருவார்கள். தாராளமாகக் கூட்டி வாருங்கள்.

கோட்டைவாசல்:
மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்தான். உருளைக்கிழங்கும் அப்படித்தான், தக்காளியும் அப்படித்தான். ஆனால் கொடுமை வான்கோழிக் காலில்தான். சோளத்தைக் காட்டி "அரசர் சாப்பிட்டது" என்று யாரும் எழுதுவதில்லை.

ஹூஸ்டன்வாசி:
இந்த நீதிமான் போன பொங்கலுக்கு "ராஜராஜன் காலத்து விருந்து" என்று படம் போட்டார். இலையில் காய்ந்த மிளகாய் தாளித்த கூட்டு. மிளகாய் போர்த்துகீசியர்களோடு வந்தது என்று அப்போது நான் எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை. படத்தைத்தான் நீக்கினார்.

கோட்டைவாசல்:
அது வீட்டுப் பொங்கல் படம். தலைப்பு வைத்தது குழு நிர்வாகி. நீக்கியதும் அவர்தான். பேச்சை மாற்றாதீர்கள். மத்தியகால அரசர் எவராவது ஒருவர் வான்கோழி சாப்பிட்டதற்குச் சான்று காட்டுங்கள். ஒரே ஒருவர் போதும்.

நிர்வாகி:
அந்தத் தலைப்பை நான் வைக்கவில்லை. பதிவேட்டில் பார்க்கலாம்.

சும்மா ஒருவன்:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 1453 என்பவர்கள் உண்டு, 1492 என்பவர்களும் உண்டு, இங்கிலாந்துக்கு 1485 என்பவர்களும் உண்டு. எதை வைத்துப் பேசுகிறோம்?

ஹூஸ்டன்வாசி:
1541. கிரான்மர். இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்.

கோட்டைவாசல்:
சொல்லியாயிற்று. பேராயர் பாதிரியாருக்குப் போட்ட விதியை வைத்து மத்தியகால அரசருக்கு விருந்து வைக்க முடியாது. உங்கள் குறிப்பில் அந்த ஒரு வரியைத் திருத்துங்கள், நான் இழையை மூடுகிறேன்.

ஹூஸ்டன்வாசி:
திருத்த மாட்டேன். வரும் நவம்பரிலும் போவோம், அதே கடையில் அதே காலை வாங்கிப் படம் போடுவோம்.

கோட்டைவாசல்:
போடுங்கள். அதன் கீழும் வந்து எழுதுவேன்.

சைவப்பிரியன்:
சோளம் தவிர வேறு ஏதாவது?