ஆறுமணிக்குருவி கண்ட ஆக்கள் சொல்லுங்கோ

முல்லைத்தீவு ஒட்டுசுட்டானிலயிருந்து எழுதுறன். போன ஐப்பசி, இரவிரவா மழை பெய்து விடிஞ்ச காலமை விறாந்தைக் கண்ணாடி யன்னல்ல டொம் எண்டு ஒரு சத்தம், ஓடிப்போய்ப் பாத்தா செருப்புக்குப் பக்கத்தில ஒரு குருவி வாயைத் திறந்தபடி சரிஞ்சு கிடக்குது, முதுகு பச்சை, தோள்ல மின்னுற நீலம், வாலுக்குக் கீழ நல்ல சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கால மை இழுத்த மாதிரி கறுப்புக்கோடு, வால் சரியான கட்டை. அம்மம்மா கண்ட உடன "உது ஆறுமணிக்குருவி பிள்ளை, முதல்ல பூனையைப் பிடிச்சுக் கட்டு" எண்டா.

தம்பி தண்ணி பருக்க வெளிக்கிட்டான், நான் விடேல்லை. மயங்கின குருவிக்கு வாயில தண்ணி விட்டா மூச்சுக்குழாய்க்க போயிடும். சப்பாத்துப் பெட்டியில ஓட்டை போட்டு, துணி விரிச்சு, மூடி இருட்டறையில வச்சம், அடிக்கடி திறந்தும் பாக்கேல்லை. பின்னேரம் உள்ளுக்க சுரண்டுற சத்தம். வேலிக்கரைப் பத்தையடியில திறந்துவிட ரெண்டு துள்ளு துள்ளிப் போய், அலகால சருகைப் பிரட்டி எறிஞ்சு எறிஞ்சு தேடத் தொடங்கிட்டுது, எனக்குக் கண் கலங்கிட்டுது.

இமயமலை அடிவாரம், மத்திய இந்தியாப் பக்கமெல்லாம் குஞ்சு பொரிச்சிட்டு மாரிக்கு இங்க வாற குருவி இது. இரவில பறந்து வந்து களைச்சுப்போய் இறங்கேக்கைதான் வெளிச்சத்திலயும் கண்ணாடியிலயும் அடிபடுறது. உலக அளவில இன்னும் ஆபத்துப் பட்டியல்ல இல்லை. இனி ஒவ்வொரு ஐப்பசியும் யன்னலுக்கு வெளியால நுளம்பு வலை கட்டப்போறன், நீங்களும் கட்டுங்கோ.

புளியங்குளத்திலயிருந்து:
அக்கா, சின்னனில கெற்றப்போலால ஒண்டை நான் அடிச்சு விழுத்தினனான், கையில எடுக்கேக்கை இருந்த சூடு இண்டைக்கும் மறக்கேல்லை. இப்ப கிணத்தடிக்குப் பின்னால உள்ள வீரைப் பத்தையை வெட்ட விடுறேல்லை, சருகு கூட்டி எரிக்கிறதுமில்லை. நிலத்தில நிண்டு புழுப்பூச்சி பொறுக்கிற குருவிக்கு வளவை வழிச்சுத் துடைச்சு வச்சா சாப்பாடு எங்கால?

நெடுங்கேணியிலயிருந்து:
எங்கட அப்பா தோட்டத்துக்கு மணிக்கூடு கட்டிக்கொண்டு போனதில்லை, விடியவும் பொழுதுபடவும் இந்தக் குருவியின்ர ரெண்டு விசில் கேட்டாச் சரி, மம்பட்டியைக் கழுவிப்போட்டு வெளிக்கிட்டிடுவார். முந்தி வீட்டுக்கு ரெண்டு பக்கத்தாலயும் கேக்கும், ஒண்டு கூப்பிட மற்றது பதில் சொல்லும். கிழக்குப் பக்கக் காணியை டோசர் போட்டு வழிச்சாப்பிறகு, போன மாரி மேற்கில இருந்து மட்டும்தான் கேட்டது.