கோல்டோனியின் விடுதிக்காரியைப் பினாங்குக்குக் கொண்டுவரலாமா?

மேடைவிளக்கு:
வணக்கம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சிறிய மண்டபம், 5 நடிகர்கள், ஒன்றரை மணி நேரம். இத்தாலிய நாடக ஆசிரியர் கார்லோ கோல்டோனியின் ‘லா லொக்காந்தியேரா’வை (விடுதிக்காரி) தமிழில் போடுகிறோம். ஃபுளோரன்ஸ் விடுதியை ஜார்ஜ் டவுனுக்கு மாற்றினால் கெட்டுவிடுமா? இத்தாலிய நகைச்சுவை என்றாலே முகமூடி என்கிறார்கள். அது வேண்டுமா?

திரைச்சீலை:
முகமூடி வேண்டவே வேண்டாம். கோல்டோனி விலகி வந்ததே அதிலிருந்துதான். பழைய இத்தாலிய நகைச்சுவை மரபில் பான்தலோனே, அர்லெக்கினோ போன்ற வழக்கமான பாத்திரங்கள் எல்லாம் முகத்தின் மேற்பாதியை மறைக்கும் தோல் முகமூடியோடு வருவார்கள். கதைச்சுருக்கம்தான் கையில் இருக்கும். வசனம் மேடையில் பிறக்கும். இதைக் கோல்டோனி படிப்படியாக மாற்றினார். 1738-ல் நாயகனுக்கு மட்டும் வசனம் எழுதினார். முழுக்க எழுதிய முதல் நாடகம் 1743-ல் வந்தது. 1753-ல் வெனிஸில் அரங்கேறிய உங்கள் நாடகத்தில் முகமூடிப் பாத்திரமே கிடையாது. விடுதியில் தங்கும், பெண்களை வெறுக்கும் காவாலியேரே கொஞ்சம் கொஞ்சமாக இளகுவது முகத்தில் தெரிய வேண்டும்.

இரண்டு நடிகைகள் வரும் கிளைக்கதையை வெட்டுங்கள், ஐந்து பேர் போதும். முதல் அங்கத்துப் படுக்கைவிரிப்புக் காட்சியில் மட்டும் கை வைக்காதீர்கள். நல்ல விரிப்பு, பிறகு விடுதிக்காரி மிராந்தோலீனாவே சமைத்த குழம்பு, பிறகு அவள் போடும் பொய் மயக்கம்: காவாலியேரேயை அவள் ஏற்றும் படிகள் இவை.

கரிப்பெட்டி:
இடத்தை மாற்றலாம், காலத்தைக் கவனியுங்கள். மூன்றாம் அங்கத்தில் மிராந்தோலீனா துணி தேய்க்கிறாள். இஸ்திரிப்பெட்டி ஆறியதும் விடுதி வேலைக்காரன் ஃபப்ரீத்சியோ சூடான பெட்டி கொண்டுவர வேண்டும். அவன் போனால் காவாலியேரே கெஞ்சுவான், வந்தால் பேச்சு அறுபடும். மின்சார இஸ்திரிப்பெட்டி வைத்தால் அவன் வெளியே போகக் காரணமே இல்லை, காட்சி படுத்துவிடும். 1950-க்கு முந்திய பினாங்கு என்று வையுங்கள், இரண்டு கரிப்பெட்டிகள் போதும். மண்டபத்தில் தணல் வேண்டாம். உள்ளே மணல் நிரப்பி மூடியைக் கம்பியால் கட்டுங்கள். காலிப்பெட்டி என்றால் தூக்கும் கை காட்டிக்கொடுத்துவிடும்.

மேடைவிளக்கு:
அவளைச் சுற்றிவரும் இரண்டு பிரபுக்கள், மார்க்கேசேயையும் கோந்தேயையும், யாராக்குவது?

திரைச்சீலை:
மார்க்கேசே பட்டத்தை விற்றவர், கோந்தே பட்டம் வாங்கியவர். ரப்பர்த் தோட்டத்தை விற்றவர், தோட்டம் வாங்கிப் பெரிய மனிதரானவர் என்று வைத்தால் பொருந்தும். விற்றவரிடம் கொடுக்க எதுவும் இல்லை. “என் ஆதரவு உனக்கு உண்டு” என்றே சொல்லிக்கொண்டிருப்பார்.

முடிவில் காதல் பாட்டு சேர்த்துவிடாதீர்கள். இறக்கும்போது அப்பா சொன்னபடி மிராந்தோலீனா ஃபப்ரீத்சியோவை மணக்கிறாள். அந்தக் கல்யாணத்தில் சொத்துக்கும் பேருக்கும் காவல் கிடைக்கும், சுதந்திரமும் குறையாது என்று அவளே கணக்குப் பார்க்கிறாள். அந்த வசனத்தை அப்படியே வையுங்கள்.