பார்க்காமலே வரைந்த சீனா: மோசடியா, அலங்காரமா?

மைக்கறை:
பிரெஞ்சு ஓவியர் ழான்-பாப்டிஸ்ட் பிய்மான் 1755இல் லண்டனில் வெளியிட்ட சீன அலங்கார அச்சுப்படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாலு மெல்லிய கம்பு, மேலே வளைந்த கூரை, ஓரமெல்லாம் மணி. பூங்காம்பில் ஆள் உட்கார்ந்தால் காம்பு வளையக்கூட இல்லை. அந்த மனிதர் சீனாவில் காலே வைத்ததில்லை. இதைச் சீனம் என்று விற்றது மோசடிதானே?

நெசவுக்கண்:
பயணக் குறிப்பு என்று யார் சொன்னது அண்ணா? பட்டு நெய்பவரும் பீங்கானில் வரைபவரும் வேண்டியதை எடுத்து மாற்றிக்கொள்ள வந்த மாதிரிப்படம் அது. காம்பு ஏன் வளையவில்லை என்று தறியில் உட்கார்ந்தவர் கேட்கமாட்டார்.

மைக்கறை:
சரி, அவர் படங்கள் நிறைய இருக்கும் 'லேடீஸ் அம்யூஸ்மென்ட்' என்ற ஆங்கில மாதிரிப்படத் தொகுப்பைப் பாருங்கள். இந்திய, சீன விஷயமென்றால் இஷ்டத்துக்கு வரையலாம், பட்டாம்பூச்சி யானையைச் சுமப்பதெல்லாம் அவற்றில் சகஜம் என்று அறிவுரையே தருகிறது. ரோமானியத் தூணுக்கு இப்படிச் சொல்வார்களா? அதை நேரில் போய் அளந்து பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் தெகொதே 1682லேயே புத்தகம் போட்டுவிட்டார்.

கூரைமுனை:
நேரில் போனவர் மட்டும் என்ன செய்தார்? பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் வில்லியம் சேம்பர்ஸ் சீனத் துறைமுக நகரமான கான்டனைப் பார்த்தவர். சீனம் என்ற பெயரில் வரும் கிறுக்குத்தனங்களை நிறுத்தத்தான் வெளியிடுகிறேன் என்று சீனக் கட்டடங்கள் பற்றிய தன் 1757 நூலின் முன்னுரையில் எழுதினார். 1762இல் லண்டன் கியூ தோட்டத்தில் அவர் கட்டிய பகோடாவுக்கு, அதாவது சீன பாணி அடுக்குக் கோபுரத்துக்கு, பத்து அடுக்கு! சீனாவில் வழக்கம் ஒற்றைப்படை. நாஞ்சிங் பீங்கான் கோபுரத்துக்கு ஒன்பதுதான். 1665இல் வந்த டச்சுப் பயணி நியூஹோஃப் நூலின் செப்புத்தகட்டுப் படத்தில் அதுவும் பத்தாகிவிட்டது. அப்புறம் ஐரோப்பா முழுக்கச் சுற்றியது அந்தப் படம்தான்.

மைக்கறை:
இது என் கட்சிக்குத்தான் பலம். பார்த்தவரே அப்படியென்றால் பார்க்காதவரை என்ன சொல்ல?

நெசவுக்கண்:
சீனாவின் சியான்லோங் பேரரசரும் இதையே திருப்பிச் செய்தாரே. பெய்ஜிங் அருகே யுவான்மிங்யுவான் அரண்மனைத் தோட்டத்தில் ஐரோப்பிய மாளிகைகள், கூரையில் சீன ஓடு, நீரூற்றில் பன்னிரண்டு ராசி விலங்குகளின் தலைகள். 1780களில் அவற்றை 20 செப்புத்தகட்டு அச்சுகளாகவும் போட்டார்கள். அது மோசடி இல்லையா?

மைக்கறை:
அவர் காஸ்டிலியோன் என்ற இத்தாலியரைக் கூப்பிட்டு வடிவமைக்கச் சொன்னார். பிய்மான் எந்தச் சீனரைக் கேட்டார்?

நெசவுக்கண்:
அந்த இத்தாலியர் ஓவியர் அண்ணா, கட்டடக்கலைஞர் இல்லை. ஆள் ஐரோப்பியர் என்பதாலேயே கட்டடம் அசலாகிவிடுமா?