ஸ்டாண்ட்பை ஜெனரேட்டர்: 'சேம மின்னாக்கி' என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கரண்ட் போனால் மட்டும் ஓட்டுவதற்காக வைத்திருக்கும் ஸ்டாண்ட்பை ஜெனரேட்டருக்குத் தமிழில் என்ன சொல்வது என்று போன வாரம் கேட்டிருந்தேன், நிறையப் பேர் பதில் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. எதற்காகக் கேட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல் யாருக்காக என்று தெரியாமல் பேசினால் அகராதிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்போம்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்த பிறகு எங்கள் தெருவுக்கு மறுபடி கரண்ட் வர 23 நாள் ஆனது. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வந்து, காசு வாங்கிக்கொண்டு மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிக் கொடுத்தார்கள், அப்படித்தான் தண்ணீர். இப்போது அந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். அதனால் 5 கே.வி.ஏ. திறனுள்ள டீசல் ஜென்செட் (எஞ்சினும் ஜெனரேட்டரும் சேர்ந்த இயந்திரம்) ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறேன். கூட வந்த கையேட்டில் தமிழ் இல்லை. அப்பாவுக்கு 74 வயது, இருட்டில் டார்ச் அடித்துப் படித்தாலும் புரிகிற மாதிரி ஒரே ஒரு பக்கம் தமிழில் எழுதி ஜென்செட் பக்கத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். அந்தத் தாளுக்குத்தான் சொற்கள் தேடுகிறேன்.

சரி, பரிந்துரைகளுக்கு வருகிறேன். 'மாற்று மின்னாக்கி' என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மாற்று எரிசக்தி என்றால் காற்றாலை, சூரிய ஒளி என்று ஆகிவிட்டதால், இதைப் படிக்கிறவர் சோலார் என்றுதான் நினைப்பார். 'துணை மின்னாக்கி' என்றால் முதன்மையானதோடு சேர்ந்தே ஓடுவது போல இருக்கிறது. நம் இயந்திரம் ஈபி கரண்டோடு சேர்ந்து ஓடவே கூடாது, அதனால் இந்தச் சொல் தவறு என்பதோடு ஆபத்தும்கூட. 'காப்பு மின்னாக்கி' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மின்துறையில் காப்பு என்றாலே வயரின் மேலுறை, மின்காப்பு. 'அவசர மின்னாக்கி' மருத்துவமனைக்கும் அடுக்குமாடியின் தீயணைப்பு பம்புக்கும் பொருந்தும். வீட்டில் ஃபேன் ஓடுவதற்கு அவசரம் என்று பெயர் வைத்துவிட்டால் உண்மையான அவசரத்துக்குச் சொல் இல்லாமல் போய்விடும். 'காத்திருப்பு மின்னாக்கி' பொருளில் சரி, ஆனால் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது.

இரண்டு நாளாக யோசித்தபோது நினைவுக்கு வந்தது புறநானூற்றின் 102ஆம் பாட்டு. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. உப்பு வண்டி ஓட்டும் உமணர்கள், எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை, பாரமோ அதிகம், வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ யாருக்குத் தெரியும் என்று வண்டியின் அடிமரத்தில் இன்னொரு அச்சைக் கட்டிவைக்கிறார்கள். 'கீழ்மரத்து யாத்த சேம அச்சு'. எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்த அச்சு சும்மாதான் தொங்கிக்கொண்டு வருகிறது, ஓடுகிற அச்சு முறிந்தால் அதன் இடத்தில் இது. இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. ஸ்டாண்ட்பை என்பதற்கு இதைவிடச் சரியான தமிழ் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் பரிந்துரை: சேம மின்னாக்கி.

ஜெனரேட்டருக்கு நம் பாடநூலில் மின்னியற்றி, இலங்கையில் மின்பிறப்பாக்கி, பேச்சில் ஜெனரேட்டர். இந்தச் சண்டையை இங்கே இழுக்க வேண்டாம், 'சேம' எதன் முன்னாலும் நிற்கும். சேம மின்பிறப்பாக்கி, சேம ஜெனரேட்டர், சேமப் பம்பு, எல்லாம் வரும். சேமம் வடசொல் இல்லையா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். உப்பு வண்டிக்காரர்களின் வாழ்க்கையிலிருந்து எடுத்து ஔவையார் பாட்டில் வைத்த சொல்லை நாம் வெளியே தள்ள வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அதோடு சேமநிதி என்று மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். ஒரே ஒரு நியாயமான தடை உண்டு: பாட்டரியைச் சேமக்கலம் என்று எழுதுவோரும் இருக்கிறார்கள், சேமிப்பு என்ற பொருளில். இன்வர்ட்டரும் ஜென்செட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற வீட்டில் இது குழப்பம் தருமா என்று சொல்லுங்கள்.

ஸ்டாண்ட்பை என்பது பெயர் மட்டும் இல்லை, ஒரு திறன் வரம்பும்கூட என்பதையும் இந்த இழையில் பதிந்துவைக்கிறேன். ஜென்செட்டுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 8528 என்ற பன்னாட்டுத் தரநிலைப்படி, ஸ்டாண்ட்பை வரம்பு என்பது கரண்ட் போனபோது மட்டும், ஆண்டுக்கு 200 மணி நேரத்துக்கு மிகாமல், சராசரியாக 70 சதவீதப் பளுவோடு ஓட்டுவதற்கானது. பிரைம் என்ற இன்னொரு திறன் எண்ணும் இருக்கும், அதற்கு மணிக்கணக்கு வரம்பு கிடையாது, எண் கொஞ்சம் குறைவாக இருக்கும். கஜா சமயத்தில் 23 நாள், நாளுக்கு 10 மணி நேரம் ஓட்டியிருந்தால் 230 மணி. ஆக டெல்டாக்காரர்கள் ஜென்செட்டில் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டில் பிரைம் எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். முன்னதைச் சேம வரம்பு, பின்னதை முதன்மை வரம்பு என்று சொல்லலாமா?

அப்புறம் சேஞ்ச் ஓவர் சுவிட்ச், அதாவது வீட்டை ஈபியிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சுவிட்ச். என்னைப் பொறுத்தவரை ஜெனரேட்டரைவிட இதற்குச் சொல் முக்கியம். புயலுக்குப் பிறகு பக்கத்து வீட்டில் ஒருவர், இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய வயரை ஜெனரேட்டரிலிருந்து எடுத்து நேராகச் சுவர் பிளக்கில் செருகிவிட்டார், மெயினை அணைக்கவில்லை. அந்தக் கரண்ட், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் வழியாகத் திரும்பிப் போகும். டிரான்ஸ்பார்மர் அதை 11,000 வோல்ட்டாக ஏற்றிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஆளின் கதி என்ன? நல்ல வேளை, சத்தம் கேட்டு ஓடிவந்து பிடுங்கினோம். இப்படிக் கரண்ட் திரும்பிப் போவதற்கு 'பின்னூட்டம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டவே வேண்டாம், பின்னூட்டம் என்றால் கருத்துச் சொல்வது. எலக்ட்ரீசியன்கள் ரிட்டன் சப்ளை என்கிறார்கள், நான் 'எதிர்ப்பாய்ச்சல்' என்று எழுதியிருக்கிறேன்.

அதைத் தடுக்கிற அந்தச் சுவிட்ச், ஈபி அல்லது ஜெனரேட்டர், ஏதோ ஒன்றைத்தான் வீட்டோடு சேர்க்கும். பேஸ், நியூட்ரல் என்ற இரண்டு வயரையும் சேர்த்து மாற்றுவதாகவும் அது இருக்க வேண்டும். மாற்றுச் சாவி என்றால் பூட்டுக்கு இன்னொரு சாவி. இலங்கையில் சுவிட்சை ஆளி என்பார்கள், 'மாற்றாளி' அழகுதான், எங்கள் ஊரில் யாருக்கும் புரியாது. ரயில் தண்டவாளம் பிரிகிற இடத்தைப் போல, இந்த வழி இல்லையென்றால் அந்த வழி, இரண்டிலும் ஒரே வண்டி போக முடியாது. அதனால் 'வழிமாற்றி'. கரண்ட் போனதும் தானே மாறிக்கொள்ளும் வகைக்குத் தானியங்கி வழிமாற்றி.

மோட்டார் கிளம்பும்போது எடுக்கும் ஸ்டார்ட்டிங் கரண்ட்டுக்குத் தொடக்க மின்னோட்டம் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் ஊரில் 'மோட்டார் கரண்ட் இழுக்குது' என்றுதானே சொல்கிறோம், 'தொடக்க இழுவை' என்றால் அப்பாவுக்கு உடனே புரிகிறது. 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 6 ஆம்பியர் அளவில் எடுக்கும், கிளம்பும் அந்த நொடியில் ஐந்தாறு மடங்கு. விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் கூட்டினாலும் எங்கள் வீட்டுக்கு 2 கிலோவாட் தாண்டாது, இந்த இழுவைக்காகத்தான் 5 கே.வி.ஏ. 0.8 திறன் காரணியில் (கே.வி.ஏ.வில் உண்மையில் வேலைக்குக் கிடைக்கும் பங்கு) அது 4 கிலோவாட்.

தாளில் இப்போது எழுதியிருப்பது இது:

"கரண்ட் போனால்: வழிமாற்றியை நடுவில் வை. சேம மின்னாக்கியைக் கிளப்பி 2 நிமிடம் விடு. வழிமாற்றியைக் கீழே தள்ளு. முதலில் மோட்டார், அது ஓடிய பிறகு மற்றவை. மின்னாக்கியை வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ ஓட்டாதே, புகையில் மணம் இல்லாத நஞ்சு இருக்கிறது. சூடாக இருக்கும்போது டீசல் ஊற்றாதே."

அப்பா படித்துவிட்டு ஒன்று கேட்டார்: "நடுவுல வைன்னா அங்க என்னப்பா இருக்கு?" ஈபியும் இல்லாமல் ஜெனரேட்டரும் இல்லாமல் நிற்கிற அந்த நடு நிலைக்கு 'ஆஃப்' தவிர என்னிடம் நல்ல சொல் இல்லை. 'அணை' என்று எழுதினால் ஜெனரேட்டரையே அணைத்துவிடுகிறார். யாராவது சொல்லுங்கள், வரும் சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன், திருத்தி ஒட்டிவிடுவேன்.