கொழிஞ்சி விதையும் ‘ஸ்காரிஃபிகேஷ’னும்

நண்பர்களுக்கு வணக்கம்,

விதைக்கும் முன் கெட்டியான விதைத்தோலில் தண்ணீர் புகும்படி செய்வதை ஆங்கிலத்தில் ஸ்காரிஃபிகேஷன் (scarification) என்கிறார்கள். அதற்கு நீங்கள் முன்வைத்த ‘வடுப்படுத்தல்’ என்ற சொல் எனக்கு ஒட்டவில்லை. வடு என்பது காயம் ஆறியபின் நிற்கும் தழும்பு. விதையில் ஆறுவதற்கு என்ன இருக்கிறது?

கொழிஞ்சியை வைத்துப் பார்ப்போம். சித்த மருத்துவக்காரர்களுக்குக் கொள்ளுக்காய்வேளை, வடமொழியில் சரபுங்கம். இலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் அம்பின் இறகு மாதிரி ஆப்பு வடிவில் கிழியும், அதனால் வந்த பெயர். தரிசிலும் சாலையோரத்திலும் தானாகவே கிடக்கும், மாடு அவ்வளவாக மேயாது, வேரை ஈரல், மண்ணீரல் நோய்களுக்குச் சொல்வார்கள். இதெல்லாம் இருக்கட்டும், உழவருக்கு இது பசுந்தாள் உரம்: வேர்முடிச்சில் காற்றின் தழைச்சத்தைப் பிடித்து வைக்கும், பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதுவிட்டு நெல் நடலாம். ஒருபோக நிலத்தில் ஒருமுறை விதைத்தால் போதும், உதிர்ந்த கொழிஞ்சி விதை, நெல் அறுவடை வரை மண்ணில் கெடாமல் கிடந்து பிறகு தானே முளைக்கும்.

அப்படிக் கிடக்க முடிவதற்குக் காரணம் மெழுகு பூசிய, தண்ணீர் புகாத விதைத்தோல். புதிதாக விதைப்பவருக்கு அதுவே தலைவலி. அதனால்தான் மணலோடு சேர்த்துத் தேய்க்கிறோம், அல்லது வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுக்கிறோம். ஆய்வகத்தில் கந்தக அமிலமும் உண்டு.

இங்கேதான் ‘கீறல்’, ‘உரசல்’ இரண்டும் இடறுகின்றன. மணலுக்குப் பொருந்தும், வெந்நீர் எதைக் கீறுகிறது? நான் முதலில் நினைத்தது ‘தீட்டல்’, அரிசி தீட்டுகிற அதே சொல், ஆலைக்காரருக்கும் புரியும். ஆனால் அதுவும் தேய்ப்பதோடு நின்றுவிடுகிறது (தீட்டு என்று வேறு நினைவு வரும், அது ஒரு தொல்லை). ‘உறக்கம் நீக்கல்’ மிக அகலம். இங்கே கரு உறங்கவில்லை, கதவுதான் சாத்தியிருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை ‘தோல்திறப்பு’. வழி எதுவானாலும் நடப்பது தண்ணீருக்கு வாசல் திறப்பதுதான். மணல் தோல்திறப்பு, வெந்நீர்த் தோல்திறப்பு, அமிலத் தோல்திறப்பு என்று அடை சேர்க்கவும் இடம் கொடுக்கிறது. மருத்துவத்தில் தோலைக் கீறுவதையும் இதே ஆங்கிலச் சொல்லால் குறிக்கிறார்கள், அதற்கு ‘கீறல்’ இருக்கட்டும், ஒரே தமிழ்ச்சொல்லுக்குள் இரண்டையும் அடைக்க வேண்டாம்.

அப்புறம், இப்படித் தண்ணீர் குடிக்காத விதைக்குக் ‘கடுவிதை’ என்று எழுதியிருந்தீர்கள். கடு என்றால் நஞ்சு என்றும் பொருள் உண்டு. ‘ஊறாவிதை’ என்று வைத்தால் என்ன?